வேலியோரத்தில் ஒரு டிராய் வீரன்

மாரி மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் அப்பால் அமைந்துள்ள தோப்பூர் போன்ற ஊர்களின் வேலியோரங்களைச் சற்றே கூர்ந்து நோக்குவோமாயின், ஒரு வண்ணத்துப்பூச்சி நம் கண்ணைக் கவரும். கரிய சிறகு; முன்சிறகிலே வெண்பட்டை; பின்சிறகிலே செம்பொட்டுகள்; தலையும் வயிறும் குருதியில் தோய்த்தெடுத்தாற்போன்ற செந்நிறம். நாயுண்ணிப் பூக்களைச் சுற்றி அவசரமின்றி வட்டமிடும். சிறுவர் அதைத் துரத்துவர். பெரியவர் "வண்ணத்துப்பூச்சி" என்று கூறிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பர். விஞ்ஞான நூல்களோ அதனை "ஹெக்டர்" என்று அழைக்கின்றன. அது கிரேக்க மகாகவி ஹோமரின் இலியட் காவியத்திலே வரும் வீரன் ஒருவனின் பெயர். கடல் பல கடந்து அவன் நம் வேலிக்கு எவ்வாறு வந்து சேர்ந்தான்?

தோற்றவனின் புகழ்

டிராய் நகரத்து மன்னன் பிரியாமின் மூத்த புதல்வன் ஹெக்டர். "பற்றி நிற்பவன்" என்பது அப்பெயரின் பொருள். அவனுடைய தம்பி பாரிஸ், பிறன் மனைவியாகிய ஹெலனைக் கவர்ந்து வந்தான். அதனால் மூண்டது பெரும்போர். தம்பி செய்தது தவறு என்பதை ஹெக்டர் நன்கறிவான். அவனை முகத்துக்கு நேரே கடிந்தும் பேசினான். எனினும் நகரைக் கைவிட அவன் மனம் ஒப்பவில்லை.

நமக்கு இது புதிய கதையன்று. பிறன் மனைவியைச் சிறைவைத்தது தகாது என்று இராவணனுக்கு இடித்துரைத்துவிட்டு, அவனுக்காகவே களம் புகுந்து மடிந்த கும்பகருணனைக் கம்பன் நமக்குக் காட்டியிருக்கிறான் அல்லவா? கோணேசர் மலையின் பிளவை "இராவணன் வெட்டு" என்றும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளை இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்றும் சொல்லி வரும் மாவட்டம் இது. காவியப் பெயரைப் பாறைக்கும் நீருக்கும் சூட்டுவதன் சுவையை இம்மண் நெடுங்காலமாகவே அறியும்.

போருக்குப் புறப்படுமுன் ஹெக்டர் தன் குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் குஞ்சத்தைக் கண்டு குழந்தை அலறுகிறது. தந்தையும் தாயும் சிரிக்கிறார்கள். அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை முத்தமிடுகிறான். பின்னர், தன் நண்பன் பத்ரோக்ளஸைக் கொன்றதற்குப் பழிவாங்க வந்த அக்கிலீஸின் கையால் அவன் மடிகிறான். இலியட் காவியம் கிரேக்கரின் வெற்றியோடு முடியவில்லை. தோற்ற தரப்பினனாகிய ஹெக்டரின் ஈமக்கடனோடுதான் முடிகிறது.

சிறகிலே ஒரு போர்க்களம்

1758ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், தாம் அறிந்த விலங்கினங்கள் யாவற்றுக்கும் இரட்டைப் பெயர் இடும் பெருமுயற்சியில் ஈடுபட்டிருந்தார். பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் முறை வந்தபோது அவர் டிராய்ப் போரை நினைத்தார். மார்பிலே குருதிநிறப் பொட்டுடைய, பெரும்பாலும் கரிய பூச்சிகளை டிராய் வீரர் என்றும், அப்பொட்டு இல்லாதவற்றைக் கிரேக்க வீரர் என்றும் இரு படைகளாக வகுத்தார். நம் வேலியோரத்துச் செவ்வுடலி டிராய்ப் படையிற் சேர்ந்து ஹெக்டர் ஆயிற்று.

அன்னமுன்னா மரத்தைச் சுற்றிப் பச்சைப் பொட்டுகளுடன் படபடத்துப் பறக்கிறதே, அதற்குக் கிரேக்கரின் தலைவன் அகமெம்னனின் பெயர். தேசி மரத்துக் குருத்தைத் தின்னும் பச்சைப் புழு வளர்ந்து "டெமோலியஸ்" என்னும் கிரேக்க வீரனாகச் சிறகு விரிக்கும். இரு படையினரும் நம் வளவுக்குள்ளே போரின்றி வாழ்கிறார்கள்!

பறவைகள் ஹெக்டரைத் தீண்ட அஞ்சுகின்றன. இதன் புழு ஈச்சுரமூலி இனக் கொடிகளையே உண்டு வளர்கிறது. அக்கொடியின் நச்சுப்பொருள் புழுவின் உடலிற் சேர்ந்து, சிறகு முளைத்த பின்னும் நிலைக்கிறது. ஒருமுறை தின்று பார்த்துத் துன்புற்ற பறவை, செந்நிற உடலைக் கண்டால் மறுமுறை விலகிப் போகும்.

இதனாற் பயனடையும் இன்னொரு பூச்சியும் உண்டு. அதன் பெயர் "பொலைட்டஸ்"; காவியத்தில் ஹெக்டரின் தம்பியருள் ஒருவன் பெயர். தேசி, கறிவேப்பிலை போன்றவற்றை உண்டு வளரும் இதற்கு நஞ்சு இல்லை. ஆனால் இதன் பெண்பூச்சிகளுள் ஒரு வகை, ஹெக்டரின் வெண்பட்டையையும் செம்பொட்டையும் அப்படியே அணிந்து பறவைகளை ஏமாற்றுகிறது. உடல் மட்டும் கறுப்பாயிருப்பதைக் கொண்டு நாம் வேறுபாடு அறியலாம். இம்மாறுவேடத்தை ஆளுவது ஒரே ஒரு மரபணு என்று 2014இல் அறிஞர் கண்டறிந்தனர். அண்ணனின் கவசத்தைத் தம்பியின் குடும்பம் அணிந்து உயிர் தப்புகிறது என்று சொன்னாற் பிழையாகாது.

கடலில் மூழ்கிய பெயர்

இங்கிலாந்தின் ஆல்பிரட் ஹோல்ட் என்பார் 1866இல் சீனத்துக்குக் கப்பல் விடத் தொடங்கியபோது அகமெம்னன், ஏஜாக்ஸ், அக்கிலீஸ் என்று ஹோமரின் வீரர் பெயர்களையே சூட்டினார். அந்நிறுவனம் அம்மரபை விடாது காத்தது. 1924இல் கட்டப்பட்ட அதன் "ஹெக்டர்" என்னும் கப்பல், இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிகள் பூட்டப்பட்டுப் போர்ப்பணிக்கு அனுப்பப்பட்டது.

1942 ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தில் நின்ற ஹெக்டர் தீப்பற்றி மூழ்கிற்று. அதனோடு மூழ்கிய மற்றொரு போர்க்கப்பலின் பெயர் "டெனிடோஸ்". கிரேக்கர் மரக்குதிரையை டிராய் வாசலில் விட்டுவிட்டுத் தம் கப்பல்களை மறைத்துவைத்த தீவின் பெயர் அது. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்குண்டது. முந்தின இரவே துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டிருந்த "ஹெர்மிஸ்" என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் மாண்டனர். பிரியாமை இருளில் வழிகாட்டி அழைத்துச் சென்று மகனின் உடலைப் பெறச் செய்த தேவதூதன் ஹெர்மிஸ். அப்பெயர் தாங்கிய கப்பலிலே உயிர்நீத்தவர்களுள் பலருடைய உடலைத் தேடிச் செல்லும் வாய்ப்பு எந்தத் தந்தைக்கும் கிட்டவில்லை. கடலே அவர்களுக்குக் கல்லறையாயிற்று.

வானத்திலும்

சூரியனைச் சுற்றும் வியாழனின் பாதையிலே, அதற்கு முன்னும் பின்னுமாக இரு கூட்டங்களாய்ச் செல்லும் சிறுகோள்களுக்கும் டிராய்ப் போரின் பெயர்களையே இட்டனர். முன்னே செல்வது கிரேக்கர் பாசறை. பின்னே வருவது டிராய்ப் பாசறை. இவ்விதி ஏற்படுமுன்பே, 1907இல், ஜெர்மனியில் அகஸ்ட் கொப் கண்டறிந்த கோளுக்கு ஹெக்டர் என்று பெயரிட்டுவிட்டனர். ஆகவே அவன் இன்று கிரேக்கர் நடுவே தனியனாய்ச் சுற்றுகிறான். தனியன் என்பதும் முற்றிலும் சரியன்று. அவனுக்கு ஒரு சிறு துணைக்கோள் உண்டு என்பது 2006இல் தெரியவந்தது. அதற்குச் சூட்டிய பெயர் "ஸ்கமாண்ட்ரியஸ்": கவசத்தைக் கண்டு அழுத அந்தக் குழந்தையின் பெயர்.

நம் கையில் உள்ளது

காவியம் அச்சில் உள்ளது. கோளை எவராலும் அசைக்க இயலாது. ஆனால் வேலியோரத்து ஹெக்டரின் வாழ்வு ஓர் எளிய கொடியை நம்பியிருக்கிறது. களை என்று எண்ணி ஈச்சுரமூலியை வேரோடு அறுத்தெறியும் வளவில், முட்டையிட வந்த பூச்சி இடமின்றித் திரும்பும். கொடியைக் காப்போம் என்பதனால் அதனை மருந்தென்று அருந்திவிடலாகாது. அதன் நச்சுப்பொருள் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைவிக்க வல்லது என்பது இன்று உறுதியாகியுள்ளது. வேலியில் அது படரட்டும், பூச்சிக்கே உணவாகட்டும்.

அடுத்த முறை வளவைத் துப்புரவு செய்யும்போது, அரிவாளை ஓங்குமுன் அக்கொடியின் இலையைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். அடியிலே சிறு முட்டைகள் ஒட்டியிருந்தால், கையை இறக்கிவிட்டு வீட்டுப் பிள்ளைகளை அழைப்போம். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு நல்ல கதை இருக்கிறது.