கம்ப்யூட்டரும் கரண்ட் பில்லும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில், அடுத்த கரண்ட் பில் வந்ததும் முதல் சந்தேகம் கம்ப்யூட்டர் மீதுதான் விழும். "இதை வாங்கிய பிறகுதான் பில் ஏறிவிட்டது" என்பார்கள். இது உண்மையா? ஒரு பேப்பரும் பேனாவும் இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் யூனிட் என்றால் என்ன என்று பார்ப்போம். 1000 வாட் சாதனம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். மானிட்டருடன் சேர்த்து 150 வாட் எடுக்கும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைத் தினமும் 5 மணி நேரம் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மாத பில் கணக்கிற்கு, அதாவது 60 நாட்களுக்கு, 300 மணி நேரம். 150ஐ 300ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 45 யூனிட். 50 வாட் லேப்டாப் என்றால் 15 யூனிட்தான்.

இந்த 45 யூனிட்டுக்கு எவ்வளவு பணம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. உதாரணத்திற்கு, தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் ரூ.2.25 என்ற சலுகை விலை கிடையாது. 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் ரூ.4.50 கட்ட வேண்டும். 500க்கு மேல் 600 வரை ரூ.8.

இப்போது மூன்று வீடுகளைப் பாருங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர்.

* 40 யூனிட் செலவழித்த வீடு: 85 ஆகிறது. கூடுதல் செலவு எதுவும் இல்லை.
* 300 யூனிட் வீடு: 345 ஆகிறது. கூடுதல் செலவு ரூ.202.50.
* 470 யூனிட் வீடு: 515 ஆகிறது. பில் ரூ.1545லிருந்து ரூ.2070 ஆகிவிடும். கூடுதல் செலவு ரூ.525.

500க்கும் 501க்கும் உள்ள ஒரே ஒரு யூனிட் வித்தியாசம் மட்டும் ரூ.233! எனவே உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். 2022க்குப் பின் விலைகள் மாறியுள்ளதால், மின் வாரிய இணையதளத்தில் இப்போதைய விலையைப் பார்த்து இதே போல் கணக்கிடுங்கள். எக்ஸெலில் ஒருமுறை போட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் உதவும்.

ரீடிங் எடுத்து ஒரு மாதம் ஆனதும் மீட்டரைப் பாருங்கள். அதில் உள்ள எண்ணிலிருந்து கடைசி பில்லில் உள்ள ரீடிங்கைக் கழியுங்கள். விடை 250ஐத் தாண்டியிருந்தால், இதே வேகத்தில் போனால் 500ஐத் தாண்டிவிடுவீர்கள் என்று அர்த்தம். மீதமுள்ள நாட்களில் ஏ.சி., கெய்சர், அயர்ன் பாக்ஸ் இவற்றைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

கம்ப்யூட்டரிலும் மிச்சம் பிடிக்கலாம். ஸ்கிரீன் சேவர் ஓடுவதால் மின்சாரம் மிச்சமாகாது; அப்போதும் மானிட்டர் எரிந்துகொண்டுதான் இருக்கும். அதற்குப் பதிலாக கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, 10 நிமிடம் பயன்படுத்தாவிட்டால் மானிட்டர் அணையும்படி அமைத்துவிடுங்கள். இரவில் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்ய மறக்காதீர்கள்.