முறை வைத்து ஏறும் மின்சாரம்

வீட்டில் ஒரே ஒரு மின்சார ஸ்கூட்டர் இருந்தால் சார்ஜ் போடுவது பெரிய காரியமே அல்ல. இரவு சொருகிவிட்டுப் படுத்தால் காலையில் வண்டி தயார். அதுவே பத்து வண்டி, நூறு வண்டி என்று ஒரே கொட்டகையில் சேரும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. குடவாசல் பக்கம் சரக்கு ஆட்டோ வைத்துப் பிழைப்பவர்களும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் பெரிய கணக்கு. 2025 ஜூன் 30-ஆம் தேதி சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையும் சேர்ந்தது. ஒரு பேருந்து நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது, கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டிக்கு 240 யூனிட். 120 வண்டிக்கு 28,800 யூனிட். கடைசி நடை முடித்து எல்லா வண்டியும் இரவு பத்தரை மணிக்கு உள்ளே வந்து, ஒரே சமயத்தில் வண்டிக்கு 120 கிலோவாட் இழுத்தால் பணிமனைக்கு 14.4 மெகாவாட் வேண்டும். அதே யூனிட்டை ஆறு மணி நேரத்துக்குப் பரப்பினால் 4.8 மெகாவாட் போதும். செலவாகும் மின்சாரம் ஒன்றுதான். மின்மாற்றியும் கேபிளும் மட்டும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகின்றன.

மாதக் கட்டணமும் இதோடு சேர்ந்து குறைகிறது. உயரழுத்த இணைப்பில் எத்தனை யூனிட் என்பதோடு, அந்த மாதத்தில் எவ்வளவு உச்சத்தைத் தொட்டோம் என்பதற்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். டிமாண்ட் சார்ஜ் என்பார்கள். முப்பது நாளில் ஒருநாள் எல்லாரும் ஒன்றாகச் சொருகிவிட்டால், அந்த ஒருநாள் உச்சம் மாதம் முழுமைக்கும் பில்லில் ஏறும்.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள் அல்லவா? எல்லா மதகையும் ஒன்றாகத் திறந்தால் கடைமடைக்கு ஒரு சொட்டும் போகாது. சார்ஜிங் பணிமனையில், மதகைத் திறந்து மூடும் நீர்ப்பாசன லஸ்கர் செய்யும் வேலையைக் கணினி செய்கிறது. காலை நாலரை மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டிக்கு முதல் முறை, ஏழு மணி வண்டிக்குப் பிந்திய முறை.

வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் இடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இந்தியாவில் பெரிய மின்வாகனங்களுக்குப் பரவலாக இருக்கும் சிசிஎஸ்-2 பிளக்கின் அடியில் இரண்டு தடித்த முனைகள். நேர்மின்சாரம் பாயும் வழி அவைதான். மேலே வட்டத்துக்குள் இருக்கும் சிறிய முனைகளில் ஒன்று எர்த், மற்றவை பேசுவதற்கு. சொருகியவுடன் மின்சாரம் பாய்ந்துவிடாது. பூட்டு விழுகிறது, காப்பு சரியா என்று சோதனை நடக்கிறது, "இப்போது எனக்கு இவ்வளவு ஆம்பியர் போதும்" என்று பேட்டரி சொல்கிறது. அதன் பிறகே ஓட்டம் தொடங்குகிறது. பேட்டரி சூடானால் வண்டியே கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். 80 சதவீதத்தைத் தாண்டியதும் ஏற்றம் மெதுவாகிவிடும். அவசரத்தில் இருக்கும் வண்டியை 80-இல் கழற்றி அடுத்ததற்கு இடம் விடுவது பணிமனையில் நல்ல பழக்கம்.

இனி குடவாசலுக்கு வருவோம். ஒரு மொத்த வியாபாரியிடம் ஐந்து மின்சார சரக்கு ஆட்டோ இருப்பதாகக் கொள்வோம். இந்த வகை வண்டியில் பேட்டரி சுமார் ஏழரை யூனிட். 15 ஆம்பியர் பிளக்கில் நாலு மணி நேரத்துக்குள் நிறையும். கும்பகோணம் போக வர நாற்பது கிலோமீட்டர் சொச்சம் என்பதால் இரண்டு நடைக்குப் பெரும்பாலும் தாங்கும். ஐந்தும் சேர்ந்து இழுத்தால் 10 கிலோவாட். இரவு பத்து முதல் இரண்டு வரை இரண்டு வண்டி, இரண்டு முதல் ஆறு வரை இரண்டு வண்டி, ஐந்தாவதுக்குப் பகல் பன்னிரண்டு முதல் நாலு வரை என்று பிரித்தால் எப்போதும் 4 கிலோவாட்டுக்கு மேல் போகாது. இரண்டு மணிக்கு யார் எழுந்து மாற்றுவது என்று கேட்பார்கள். அந்தச் சுமையைத் தாங்கும் டைமர் சுவிட்ச் வைத்தால் போதும். நான்கு மணி நேரம் தொடர்ந்து இழுக்கும் சுமையை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் மாட்டக் கூடாது. அது உருகித் தீப்பிடிக்கக்கூடும்.

பகல் முறைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், காலை 9 முதல் மாலை 4 வரை பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கு விலையைக் குறைத்தும் மற்ற நேரத்தில் கூட்டியும் வைக்கச் சொல்கின்றன. சூரிய மின்சாரம் அப்போதுதான் மிஞ்சுகிறது. கடைக்கூரையில் தகடு போட்டிருப்பவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் பொன்னான நேரம்.

மழைக்காலம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறிய பிறகு குடவாசல் இருக்கும் இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. முறை எல்லாம் சாதாரண நாளுக்கு; புயல் எச்சரிக்கை வந்தால் எல்லா வண்டியையும் முந்தைய நாளே முழுசாக நிரப்பி வைக்க வேண்டும். பிளக்கும் சார்ஜரும் தெருவில் தண்ணீர் நின்ற பழைய அளவுக்கு மேலே இருக்க வேண்டும்.

ஆகவே மின்வண்டி வாங்க நினைக்கும் வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். உங்கள் இணைப்பின் அனுமதிச் சுமை எவ்வளவு, தெரு மின்மாற்றியில் இடம் இருக்கிறதா, மின்வாகனத்துக்கான தனிக் கட்டண வகை உங்களுக்குப் பொருந்துமா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை வண்டி வாங்கலாம் என்பதை அந்தத் தாளை வைத்து முடிவு செய்யுங்கள்.