ஆப்பிள் கடிச்சா பவர் வரும்! டிவி ஹீரோவே கம்பெனி சிஇஓ-வாகவும் இருந்த கதை தெரியுமா?

டிவி பார்க்கும் குழந்தையை, அந்த டிவியை வைத்தே சோபாவில் இருந்து எழுப்பி குதிக்க வைக்க முடியுமா? ஐஸ்லாந்தைச் சேர்ந்த மாக்னுஸ் ஷேவிங் அதைத்தான் செய்து பார்த்தார்.

'லேசி டவுன்' தொடரில் நீல உடை, முறுக்கு மீசையோட பல்டி அடிக்கும் ஸ்போர்டகஸ் இவர்தான். தொடரை உருவாக்கியதும் இவர். தயாரித்த கம்பெனிக்கு சிஇஓ-வும் இவரே!

யார் இந்த மாக்னுஸ்?

1964-ல் பிறந்த மாக்னுஸ், முதலில் தச்சு வேலை செய்தவர். ஏரோபிக்ஸுக்கு வந்ததே ஒரு பந்தயத்தால்தான். நண்பர்கள் இருவர், ஒருவருக்கு சுத்தமா தெரியாத விளையாட்டை மற்றவர் தேர்வு செய்து தர வேண்டும், அதில் ஜெயித்துக் காட்டணும். நண்பருக்கு ஸ்னூக்கர், இவருக்கு ஏரோபிக்ஸ்.

விளைவு? 1994, 1995 என இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியன். 1994-ல் ஐஸ்லாந்தின் சிறந்த விளையாட்டு வீரர் விருதும் கிடைத்தது.

1995-ல் குழந்தைகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார். சோம்பேறிகள் நிறைந்த ஊருக்கு வரும் விளையாட்டு வீரனின் கதை. அது மேடை நாடகமானது, அதில் ஹீரோ வேஷம் கட்டியதும் அவர்தான். 2004-ல் அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் தொடராக வந்து, 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது.

மிட்டாய்னு சொல்லி பழம் கொடுத்தார்

இதில்தான் அவரோட புத்திசாலித்தனம். "பழம் சாப்பிடு, உடம்புக்கு நல்லது" என்று ஸ்போர்டகஸ் பாடம் எடுக்க மாட்டார். பழம், காய்கறிக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்போர்ட்ஸ் கேண்டி'. ஆப்பிளைக் கடித்தால் துள்ளுவார், சர்க்கரை வாயில் பட்டால் மயங்கி விழுவார். ஐஸ்லாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் பழம், காய்கறியை இதே பெயரில் விற்றபோது விற்பனை 22 சதவீதம் கூடியதாக சொல்லப்படுகிறது.

சிக்கல் எங்கே?

நிஜ நடிகர்கள், பொம்மைகள், கிராபிக்ஸ் மூன்றையும் ஒரே காட்சியில் சேர்க்கணும். செலவு எக்கச்சக்கம். இது போன்ற தொடர்களுக்கு ஹீரோ படத்தை தின்பண்ட பாக்கெட்டில் அச்சடிக்க விடுவது நல்ல வருமானம். ஆனா ஆப்பிள் தின்னும் ஹீரோவை சாக்லேட் கவரில் போட்டால் கதையே கந்தலாகிடுமே!

இன்னொன்று, எல்லாமே ஒரு மனுஷனின் உடம்பை நம்பி இருந்தது. ஷூட்டிங்கில் பல்டி அடித்த அதே ஆள்தான் பிசினஸ் மீட்டிங்கிலும் உட்காரணும்.

2011-ல் கம்பெனியை அமெரிக்காவின் டர்னர் நிறுவனம் வாங்கியது. அதன் பிறகும் 50 வயதை நெருங்கிக்கொண்டிருந்த மாக்னுஸே ஸ்போர்டகஸாக நடித்தார். 2014-ல், 78 எபிசோடுகளோடு தொடர் நின்றது.

இதில் ஒரு வேடிக்கை. 2016-ல் இணையத்தில் மீம்ஸாக வெடித்தது ஹீரோ இல்லை, சோம்பேறி வில்லன் ராபி ராட்டன்! அந்த வேடத்தில் நடித்த ஸ்டெஃபான் கார்ல் ஸ்டெஃபான்சன் அப்போது புற்றுநோயுடன் போராடிக்கொண்டிருந்தார். மீம்ஸ் போட்ட ரசிகர்களே அவருக்காக நிதியும் திரட்டினார்கள். 2018 ஆகஸ்டில், 43 வயதில் அவர் காலமானார்.