செனின் பிளாங்க்: லுவார் முதல் நாசிக் வரை

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் வூவ்ரே முதலிய வெள்ளை ஒயின்களுக்கு மூலமான செனின் பிளாங்க் திராட்சையின் சாறு, தோலை நீக்கிய பின்னரே நொதிக்கவைக்கப்படுவதால் வெளிர்நிறம் பெறுகிறது. மகாராட்டிரத்தின் நாசிக்கில் சூலா நிறுவனம் 2000ஆம் ஆண்டு தன் முதல் ஒயின்களில் ஒன்றாக இவ்வகையை வெளியிட்டதால், இந்திய உணவோடு இதனைப் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு பெருகியது.

நன்கு பழுத்த பின்னும் குறையாத புளிப்பே இத்திராட்சையின் தனிச்சிறப்பாகும். பொரித்த மீனின்மேல் பிழியும் எலுமிச்சைச் சாறு போல அது எண்ணெய்ப் பசையை அறுத்து, அடுத்த கவளத்துக்கு நாவைத் தயார்ப்படுத்துகிறது. ஆதலால் லுவார் மக்கள் இதனை ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடும் ஆற்றுமீனோடும் பரிமாறுகின்றனர். நொதித்த பின்னும் சிறிது சர்க்கரை எஞ்சும் வகையோ, மிளகாயின் எரிச்சலைத் தணிப்பதால், தேங்காய்ப்பால் சேர்த்த மீன் குழம்புக்கும் இறால் தொக்குக்கும் மிகவும் இசைவாக அமைகிறது.