ஓடும்போது நிற்கும் பழைய கார்: ப்யூவல் பம்ப் கோளாறைப் பிடிக்க உங்கள் லேப்டாப்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலருக்கும் கிடைக்கும் அனுபவம் இது. வேலை பார்த்துக் கொண்டிருக்கையில் சிஸ்டம் திடீரென ஹேங் ஆகிவிடும். டெக்னீஷியன் வந்து ஆன் செய்தால் ஒழுங்காக இயங்கும். "ஒன்றும் இல்லையே சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் தெருமுனையைத் தாண்டியதும் மறுபடியும் ஹேங்.

பழைய கார்களில் இதே வேலையை ப்யூவல் பம்ப் செய்யும். நல்ல வெயிலில் 40 கிலோமீட்டர் ஓடிய பின் இன்ஜின் தானாக ஆப் ஆகும். செல்ப் அடித்தால் இன்ஜின் சுற்றும், ஆனால் பிடிக்காது. அரை மணி நேரம் மர நிழலில் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். வொர்க்‌ஷாப்பிற்குக் கொண்டு போனால் அங்கே ஒரு குறையும் தெரியாது. மெக்கானிக் என்ன செய்வார்? "பம்ப் வீக்" என்று புது பம்ப் மாட்டுவார். சில ஆயிரம் ரூபாய் செலவான பின், அடுத்த வாரம் பைபாஸில் லாரிகளுக்கு நடுவே கார் மீண்டும் நிற்கும்.

பணத்தை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஓடும் காரில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக்கிற்கு உதவும் வாக்குவம் இரண்டு மூன்று முறை மிதித்ததும் தீர்ந்துவிடும். அதன் பின் முழு பலத்துடன் மிதிக்க வேண்டும். எனவே 'எப்போதாவது தானே' என்று விட்டுவிடக் கூடிய கோளாறு அல்ல இது.

இதனைப் பிடிக்க உங்கள் லேப்டாப் கம்ப்யூட்டர் உதவும். எந்த அளவிற்கு உதவும், எந்த இடத்தில் கை விரித்துவிடும் என்பதையும் சேர்த்தே தெரிந்து கொள்வோம்.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

கார்புரேட்டர் இல்லாத, இன்ஜெக்‌ஷன் முறையில் இயங்கும் பெட்ரோல் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் உள்ளது. இதனை இ.சி.யு. என்பார்கள். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது தீப்பொறி தர வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. பம்ப் ஓட வேண்டுமா, வேண்டாமா என்பதும் பெரும்பாலான கார்களில் இதன் கையில்தான்.

இந்தக் கம்ப்யூட்டருடன் பேசுவதற்கான வழி, ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள 16 பின் கொண்ட சாக்கெட். ஓ.பி.டி.2 என்ற இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001ல் வந்தது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய இந்தியக் கார்கள் சிலவற்றில் சாக்கெட் இருக்கும். ஆனால் அது அந்தந்த நிறுவனத்தின் தனி மொழியில் மட்டுமே பேசும். வாங்கும் முன் உங்கள் காரில் சோதித்துக் காட்டச் சொல்வது நல்லது.

அடாப்டரை இணைப்பது எப்படி?

கடைகளில் இ.எல்.எம்.327 என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் அடாப்டர் ஒன்று தேவை. எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நாட்டு நிறுவனம் உருவாக்கிய சிப் இது. அந்த நிறுவனம் 2022ல் மூடப்பட்டுவிட்டது. இன்று சந்தையில் நிறைந்திருப்பவை நகல்கள். '1.5 பதிப்பு' என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு பதிப்பை எல்ம் நிறுவனம் வெளியிட்டதே இல்லை! இருந்தாலும் நகல்களில் பல, நம் வேலைக்குப் போதுமானவையே. புளூடூத், யு.எஸ்.பி. போன்ற வகைகள் உண்டு. லேப்டாப்பிற்கு யு.எஸ்.பி. வகையையே நான் சிபாரிசு செய்வேன். நடுவில் தொடர்பு அறுந்து போகும் தொல்லை குறைவு.

அடாப்டரை சாக்கெட்டில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பவும். லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற பிரிவில் கிளிக் செய்திடவும். காம்5 அல்லது காம்6 என்பது போல ஒரு எண் தெரியும். அதனைக் குறித்துக் கொள்ளவும். புளூடூத் வகையில் இரண்டு காம் போர்ட்டுகள் உருவாகும். அவுட்கோயிங் என்று காட்டப்படுவதுதான் நமக்குத் தேவை.

விண்டோஸ் எக்ஸ்பியில் ஹைப்பர் டெர்மினல் என்ற புரோகிராம் கூடவே வந்தது. விஸ்டாவிலிருந்து அதனை எடுத்துவிட்டார்கள். பதிலாக, புட்டி என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். அதில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, காம் போர்ட் எண்ணையும், வேகத்திற்கு 38400 என்றும் தந்து ஓபன் செய்திடவும். ஸ்கிரீனில் ஏ, டி, இசட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டவும். அடாப்டர் தன் பெயரைச் சொல்லும். அடுத்து ஏ, டி, ஆர், வி என டைப் செய்தால் சாக்கெட்டிற்கு வரும் பேட்டரி வோல்டேஜ் கிடைக்கும்.

இன்ஜின் ஓடும்போது 010சி என டைப் செய்து பாருங்கள். 41 0சி 1ஏ எப்8 என்பது போல ஒரு பதில் வரும். கடைசி நான்கு எழுத்துகளே விடை. விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் வகைக்கு மாற்றி, ஹெக்ஸ் பிரிவில் 1ஏஎப்8 என்பதைத் தந்தால் டெசிமலில் 6904 என்று காட்டும். அதனை 4ஆல் வகுத்தால் 1726. இன்ஜின் நிமிடத்திற்கு 1726 சுற்று சுற்றுகிறது என்று பொருள். ஒருமுறை இப்படிக் கையால் கணக்கிட்டுப் பார்த்தால் காரின் கம்ப்யூட்டர் பேசும் விதம் புரிந்துவிடும். அதன் பின், இந்தக் கணக்கைத் தானே செய்து சி.எஸ்.வி. பைலாகப் பதிவு செய்யும் ஓ.பி.டி. புரோகிராம் ஒன்றை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள்.

முதல் வேலையாக, பதிவாகியுள்ள பிழைக் குறியீடுகளைப் படித்து எழுதி வைக்கவும். அழிக்க வேண்டாம். குறியீட்டுடன், பிழை நேர்ந்த நொடியில் இன்ஜின் இருந்த நிலை 'ப்ரீஸ் பிரேம்' என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் பல கார்களில் இதே கதைதான். பி0171 என்றால் பெட்ரோல் போதவில்லை அல்லது காற்று அதிகம்; பி0335 என்றால் கிராங்க் சென்சார் பக்கம் கோளாறு.

பம்ப்பைப் பார்க்க முடியுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓ.பி.டி. பட்டியலில் ப்யூவல் பிரஷர் என்ற வரி உண்டு. ஆனால் பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. கேட்டால் 'நோ டேட்டா' என்று பதில் வரும். ஆக, பம்ப் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் நேரடியாகச் சொல்லாது. மற்ற எண்களை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும்.

பதிவு செய்ய வேண்டியவை ஐந்தே: இன்ஜின் சுற்று, காரின் வேகம், குறுகிய கால ப்யூவல் டிரிம், நீண்ட கால ப்யூவல் டிரிம், இன்ஜின் வெப்பநிலை. புரோகிராம் காட்டும் எல்லாவற்றிலும் டிக் அடித்துவிடாதீர்கள். பழைய கார்கள் பலவற்றில் தகவல் செல்லும் வேகம் நொடிக்கு 10,400 பிட்கள் மட்டுமே. நம் பழைய டயல்-அப் மோடத்தை விடக் குறைவு! இருபது வரிகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் பல நொடிகளுக்கு ஒருமுறைதான் வரும். நாம் தேடும் அந்த ஒரு நொடி நழுவிவிடும்.

லேப்டாப்பை அருகில் இருப்பவர் மடியில் வைத்து இயக்கட்டும். ஓட்டுபவர் அதன் பக்கமே பார்க்கக் கூடாது. கார் நின்ற நேரம், டேங்கில் இருந்த பெட்ரோல் அளவு, வெயில், ஏ.சி. ஓடியதா என்பனவற்றை ஒரு பேப்பரில் குறிக்கவும். பம்ப்பைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி தருகிறது. டேங்க் காலியாகும் நேரத்தில் மட்டும் கார் நின்றால் அது முக்கியமான தடயம்.

நின்ற நொடியில் என்ன நடந்தது?

வீடு வந்ததும் சி.எஸ்.வி. பைலை எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸில் திறந்து, இன்ஜின் சுற்று, வேகம் ஆகிய இரண்டு காலங்களைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் ஒன்றை அமைத்திடவும்.

கியரில் ஓடும் காரில் பெட்ரோல் நின்றுவிட்டால், சக்கரங்களே இன்ஜினைச் சுற்றிக் கொண்டிருக்கும். எனவே, கிளட்சை மிதிக்காதவரை, வேகம் குறையக் குறைய இன்ஜின் சுற்றும் அதற்கேற்பச் சரிந்து வரும். மாறாக, கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்போதே இன்ஜின் சுற்று சட்டென 0 என்று காட்டினால், இன்ஜின் நிற்கவில்லை. அதன் சுழற்சியை இ.சி.யு.வால் பார்க்க முடியவில்லை. கிராங்க் சென்சார் அல்லது அதன் ஒயரே குற்றவாளி. சூடானதும் செத்து, ஆறியதும் உயிர் பெறும் பழக்கம் கிராங்க் சென்சாருக்கும் உண்டு. பாவம், பழி பம்ப் மீது விழும். இந்த ஒரு வரைபடமே பல பம்ப்களைக் காப்பாற்றும்.

ஆட்டோமேடிக் கியர் கார்களில் இதனை நம்ப முடியாது. அவற்றில், கார் நின்ற பின் செல்ப் அடிக்கும்போது பார்க்கவும். 200 அல்லது அதை ஒட்டிய எண் தெரிந்தால் சென்சார் வேலை செய்கிறது. 0 என்று இருந்தால் சந்தேகம் சென்சார் மீது. செல்ப் அடிக்கையில் வோல்டேஜ் இறங்குவதால் சில மலிவு அடாப்டர்கள் ரீசெட் ஆகிவிடும். அப்போது வரும் வெற்று வரியை 0 என்று எடுத்துக் கொள்ள வேண்டாம்.

சட்டென நிற்காமல், மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்து உதறுகிறதா? அப்படியானால் டிரிம் எண்களுக்கு வாருங்கள். பெட்ரோல் போதவில்லை என்று ஆக்ஸிஜன் சென்சார் சொன்னால், இ.சி.யு. கூடுதலாகத் தெளிக்கும். எத்தனை சதவீதம் கூடுதல் என்பதே டிரிம். 5 சதவீதம் மேலே, கீழே இருப்பது சகஜம். ஐடிலிங்கில் சாதாரணமாக இருந்து, வேகமாகச் செல்லும்போது 15, 20 என ஏறினால் பம்ப் அல்லது அடைத்த பில்டர். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, வேகத்தில் குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது; பம்ப்பைத் தொட வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது மட்டும் டிரிம்மை நம்பக் கூடாது. அந்நேரம் இ.சி.யு. ஆக்ஸிஜன் சென்சாரைக் கவனிப்பதில்லை.

ஒரு சிறு விளக்கு போதும்

கிராங்க் சென்சார் நிரபராதி என்று தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பவை பம்ப், அதற்கு மின்சாரம் தரும் ரிலே, ஒயர்கள், இக்னிஷன். இதற்கு மேல் லேப்டாப்பிற்கு வேலை இல்லை. ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, ரிலேயிலிருந்து பம்ப்பிற்குச் செல்லும் ஒயரில், சிறு பியூஸ் ஒன்றுடன் 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கை இணைத்து டேஷ்போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். டேங்க் பக்கம் எந்த இணைப்பும் வேண்டாம்.

விளக்கை எப்போது பார்க்க வேண்டும் என்பதில் ஒரு சூட்சுமம் உள்ளது. சாவியைப் போட்டதும் பல கார்களில் இ.சி.யு. சுமார் 2 நொடிகள் மட்டும் பம்ப்பை ஓட்டும். பின் சீட்டை ஒட்டி காதை வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அதன் பின் இன்ஜின் சுற்றினால்தான் மின்சாரம் தொடரும். விபத்தில் பெட்ரோல் கொட்டாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. எனவே நின்ற காரில் விளக்கு அணைந்திருப்பது சரியான நிலைதான். சாவியைப் போட்ட அந்த 2 நொடிகளிலும், செல்ப் அடிக்கும்போதும்தான் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து, ரீங்காரம் இல்லை என்றால் பம்ப் அல்லது அதன் எர்த் ஒயர். எர்த் இணைப்பை மல்டிமீட்டரில் அளந்துவிட்டே பம்ப்பை வாங்கவும். பம்ப் ஓடும்போது அங்கே அரை வோல்ட்டிற்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. விளக்கும் எரிகிறது, ரீங்காரமும் உண்டு என்றால் பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையெனில் தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். பெட்ரோல் லைனில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீறிட்டால் தீ பிடிக்கும். இதனை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

செல்ப் அடிக்கும்போதும் விளக்கு எரியவில்லையா? பம்ப்பிற்கு மின்சாரமே வரவில்லை. பியூஸ், ரிலே, ஒயர் இவற்றில் ஒன்றுதான். 1990களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் இது மிகவும் பிரசித்தம். அவற்றின் மெயின் ரிலே டேஷ்போர்டிற்குக் கீழே ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கும். உள்ளே உள்ள சர்க்யூட் போர்டில் ஆண்டுக்கணக்கான சூட்டில் சோல்டர் விரிசல் விடும். வெயிலில் நிறுத்திய கார் சூடேறினால் விரிசல் திறக்கும், ஆறினால் சேரும். டி.வி. மெக்கானிக்குகள் 'ட்ரை சோல்டர்' என்று சொல்வார்களே, அதே சங்கதி. பெட்டியைத் திறந்து பூதக் கண்ணாடியில் பார்த்தால், பின்னைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டம் தெரியும். நல்ல சோல்டரிங் அயர்ன் இருந்தால் கால் மணி நேர வேலை.