எத்தனை கிகாஹெர்ட்ஸ்?

2001-ல் கம்ப்யூட்டர் வாங்கப் போனவர்கள் கடையில் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஒன்றரையைவிட இரண்டு பெரிது, ஆகவே இரண்டுதான் வேகம். அந்தக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் இன்டெல் 2 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ இறக்கியது. அக்டோபரில் ஏஎம்டியின் அத்லான் எக்ஸ்பி 1800+ வந்தது. பெயரில் 1800 இருந்தாலும் ஓடியது 1.53 கிகாஹெர்ட்ஸில்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலுவலக மென்பொருள், முப்பரிமாணப் படம், கேம் என்று ஓட்டிப் பார்த்தபோது, பல சோதனைகளில் அத்லானே முந்தியது. பென்டியம் 4-ஐ மனத்தில் வைத்து எழுதப்பட்ட வீடியோ மென்பொருள்களிலும் குவேக் 3 போன்ற சில கேம்களிலும் இன்டெல் ஜெயித்தது.

கட்டடவேலையில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவார்களே, பிராசஸருக்குள்ளும் கட்டளைகள் அப்படித்தான் படிப்படியாக நகர்கின்றன. பென்டியம் 3-ல் இருந்த 10 படிகளைப் பென்டியம் 4-ல் 20 ஆக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் வேலை சிறிதாகிவிட்டதால் கடிகாரத்தை வேகமாக ஓட்ட முடிந்தது. ஆனால் நிரல் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்ற ஊகம் தவறிவிட்டால், வரிசையில் நிற்கும் அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் நஷ்டமும் பெரிது. அத்லான் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக வேலை முடித்தது. வேகம் என்பது துடிப்பின் எண்ணிக்கையையும், ஒரு துடிப்பில் முடியும் வேலையையும் பெருக்கி வருவது. விளம்பரங்கள் முதல் பாதியை மட்டும் சொல்லின.

ஏஎம்டியின் பதிலும் எனக்கு உவப்பானதல்ல. பாதி உண்மை சொன்ன எண்ணை மறுப்பதற்கு 1800+ என்று இன்னொரு எண்ணை உண்டாக்கினார்கள். வாங்குபவருக்கு அதிலும் தெளிவில்லை. சோதனைகளின் மீதும் புகார் எழுந்தது. பென்டியம் 4-க்குச் சாதகமாகச் சோதனை மென்பொருள்கள் வளைக்கப்பட்டன என்று அமெரிக்காவில் வழக்கு நடந்தது. இன்டெல் குற்றச்சாட்டை ஏற்காமலேயே, 2014-ல் அந்நாட்டில் அப்போது பென்டியம் 4 வாங்கியவர்களுக்குத் தலா 15 டாலர் தர இசைந்தது.

கிகாஹெர்ட்ஸ் பந்தயத்தைக் கடைசியில் நிறுத்தியது சூடுதான். 2004-ல் வந்த பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4-ல் படிகள் 31. அந்த அக்டோபரில், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வராது என்று இன்டெல் அறிவித்தது. 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையே, அதே நிறுவனத்தின் 3.73 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எக்ஸ்ட்ரீம் எடிஷனைத் தோற்கடித்தது. முன்னதற்கு வரையறுத்த மின்சாரம் 65 வாட், பின்னதற்கு 130.

இன்று? 2023-ன் இரு பிராசஸர்களை எடுத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ9-14900கே: 24 கோர், உச்சத்தில் 6 கிகாஹெர்ட்ஸ். ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி: 8 கோர், உச்சத்தில் 5 கிகாஹெர்ட்ஸ். எண்களைப் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் பல கேம்களில் ரைசன் சமமாக நிற்கிறது அல்லது முந்துகிறது. சில்லின் மேல் இன்னொரு சில்லை அடுக்கி, கேஷ் நினைவகத்தை 96 மெகாபைட் ஆக்கியிருக்கிறார்கள். தரவுக்காக மெமரி வரை போய் வரும் காத்திருப்பு குறைகிறது. வீடியோ ரெண்டர் செய்தாலோ ஐ9 வெகுதூரம் முன்னே போய்விடும், அங்கே எல்லாக் கோர்களுக்கும் வேலை உண்டு.

இன்றைய பெரிய மாற்றமாக எனக்குத் தோன்றுவது வேறு. அன்று பெட்டியின் மேல் 2 கிகாஹெர்ட்ஸ் என்றிருந்தால், அது வேலையைச் சொல்லாவிட்டாலும், அந்தச் சில்லு 2 கிகாஹெர்ட்ஸிலாவது ஓடியது. இன்று உச்ச வேகம் என்று போட்டிருப்பது சில கணங்களுக்கு, ஓரிரு கோர்களுக்கு மட்டும் கிடைப்பது. மீதியைச் சூடும் மின்சாரமும் தீர்மானிக்கின்றன. ஐ9-க்கு இன்டெல் வகுத்த உச்சம் 253 வாட். அந்த வரம்பைத் தளர்த்திவிட்டே பல மதர்போர்டுகள் கடைக்கு வந்தன. ஒரே பிராசஸர், போர்டு மாறினால் வேறு மதிப்பெண். 2024-ல் இந்தத் தலைமுறைச் சில்லுகள் நிலைகுலைவது பெரும் புகாராகி, தேவைக்கு மேல் மின்னழுத்தம் போவதை இன்டெலே ஒப்புக்கொண்டு, திருத்தமும் தந்து, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது.

ஆகவே சோதனை முடிவுகளைப் படிக்கும்போது எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நிபந்தனைகளைத் தேடுங்கள். கேம் சோதனைகள் மிகப் பெரும்பாலும் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டோடு 1080பி திரையில் நடப்பவை, பிராசஸர்களின் வித்தியாசம் வெளிப்பட வேண்டும் என்பதற்காகவே. 4கே திரையில், நடுத்தர கார்டில், அதே வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அறையின் சூடும் கணக்கில் சேரும். குளிரூட்டிய அறையில் எடுத்த மதிப்பெண்ணை, ஏசி இல்லாத சென்னை வீட்டு மாடியறையில், மே மாதப் பிற்பகலில், சாதாரணக் கூலரோடு எதிர்பார்க்க முடியாது. ஐ9 வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் பயாஸில் மின்வரம்பை 125 வாட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். ரெண்டர் வேகம் குறையும், கேம்களில் இழப்பு சொற்பம், கூலரின் இரைச்சலும் தணியும்.