விடுமுறைக்கு எந்தக் கடற்கரை?

எங்கள் ஊரில் கடலை உண்டு, கடல் இல்லை. அவிநாசியை அடுத்துள்ள சேவூரைத்தான் சொல்கிறேன். ஏலத்திற்கு வந்து குவியும் நிலக்கடலை மூட்டைகளும், விடியற்காலையில் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிகளும் எங்களுக்குப் பழக்கமானவை. அலையோசையும் உப்புக் காற்றும் பழக்கமானவை அல்ல. கிழக்கே சென்றாலும் மேற்கே சென்றாலும், பல மணி நேரம் பயணம் செய்தே நாங்கள் கடலைக் காண வேண்டும். கிட்டாத பொருளின்மீது ஆசை பெரிதாவது இயல்பன்றோ? ஆகவே, நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் எங்கள் பக்கத்து மக்கள் முதலில் நினைப்பது கடலைத்தான்.

ஆனால், எந்தக் கடற்கரைக்குச் செல்வது என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அரிது. வண்டி ஓட்டுநர் சொன்ன ஊர், சென்ற ஆண்டு பக்கத்து வீட்டார் போய்வந்த ஊர், கோயில் இருக்கும் ஊர் என்று முடிவு செய்துவிடுகிறோம். வீட்டிற்கு ஒரு குடம் வாங்கும்போதுகூடத் தட்டிப் பார்த்து வாங்கும் நாம், குழந்தை குட்டிகளுடன் இறங்கப்போகும் கடலைப் பற்றி ஒரு வினாவும் கேட்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் கடலே எனக்குப் பாடம் சொல்லியது.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். நண்பர் அறுவர் கீழைக் கடற்கரை ஊர் ஒன்றிற்குச் சென்றோம். கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் புதிதன்று. சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் பழகியவன் நான். மேட்டிலிருந்து குதித்து அடிமண்ணை அள்ளிவரும் துணிவும் உண்டு. அந்தத் துணிவோடு கடலில் இறங்கினேன். இரு புறமும் அலைகள் வெண்ணுரையுடன் உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் ஓரிடம் அலையின்றி அமைதியாகத் தோன்றியது. அதுவே நீந்துவதற்கு ஏற்ற இடம் என்று கருதினேன். சிறிது நேரத்தில் கால் தரையை விட்டது. கரையை நோக்கி எவ்வளவு கைவீசியும் கரை விலகிக்கொண்டே சென்றது. மூச்சுத் திணறியபோது, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரின் குரல் காற்றில் வந்தது: “தம்பி, கரையைப் பார்த்து நீந்தாதே! பக்கவாட்டில் போ, பக்கவாட்டில்!” அவர் சொன்னபடி கரைக்கு இணையாக நீந்தினேன். சற்றைக்கெல்லாம் இழுவை குறைந்தது. அலையே என்னைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பெரியவர் வேறொன்றும் சொல்லவில்லை. “கிணற்றுத் தண்ணீர் நிற்கும், இது நடக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மீண்டும் வலையை எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கமே இன்றைய என் பேச்சு.

அலைகள் ஓயாமல் கரையை நோக்கி நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வந்த நீர் திரும்பிச் செல்ல வேண்டும். கடலடியில் மணல் மேடுகள் இருக்குமானால், அவற்றின் இடையே தாழ்ந்த வழி ஒன்றைத் தேடி, அதன் வழியே நீர் விரைந்து வெளியேறும். இதுவே இழுவை நீரோட்டம். அந்த வழி ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. நீர் சற்றுக் கருத்தும் அமைதியாகவும் தோன்றும். அறியாதவர் அமைதி என்று எண்ணி இறங்கும் இடமே ஆபத்தின் வாயிலாக அமைகிறது. இந்த ஓட்டம் சில வேளைகளில் விநாடிக்கு இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட வேகம் கொள்ளும். தேர்ந்த நீச்சல் வீரரும் அதனை எதிர்த்து வெல்ல இயலாது. ஆனால், அதன் அகலம் குறைவு. ஆதலின், எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் நீந்தினால் விடுபடலாம். அதற்கும் வலிமை இல்லையேல், பதறாமல் மிதந்துகொண்டு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

இனி, கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். மூன்று வினாக்கள் போதும்: எந்த மாதம்? எந்தக் கடல்? எந்தக் கரை?

முதலில் மாதத்தைக் காண்போம். எங்கள் பகுதியில் பனியன் கம்பெனிகள் நீண்ட விடுமுறை விடுவது தீபாவளிக்குத்தான். கையில் போனஸ் பணமும் இருக்கும். ஆனால், தீபாவளி வரும் ஐப்பசி மாதத்திலேதான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் கொந்தளிக்கும் காலம். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில் வந்தது. வேதாரண்யத்தை அடுத்துக் கரை கடந்த கஜா புயல் 2018 நவம்பரில் வந்தது. நமக்கு ஓய்வு கிடைக்கும் நாள்களில் கீழைக் கடலுக்கு ஓய்வில்லை என்பதை மறத்தலாகாது. பொங்கல் விடுமுறை அப்படியன்று. சனவரி முதல் மார்ச்சு வரை மழை ஓய்ந்து, வெயிலும் இதமாக இருக்கும். சோழமண்டலக் கரைக்குச் செல்ல இதுவே நல்ல பருவம். மேலைக் கடற்கரைக்கோ சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்றின் காலம். அப்போது அங்கே செல்லுதல் தகாது.

மாணவர்க்கு நீண்ட விடுமுறை கோடையில் வருகிறது. அப்போது வானம் தெளிந்திருக்கும்; காற்றும் பெரிதாக இராது. ஆயினும் ஓர் ஆபத்து உண்டு. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தொலைவில் எழும் புயல்களால் உருவாகும் நெடிய அலைகள் பல நாள்கள் பயணம் செய்து, கேரளக் கரையிலும் நம் தென்கோடிக் கரையிலும் வந்து மோதும். முன்னறிகுறி எதுவுமின்றிக் கள்வனைப்போல் வருவதால், இதனைக் ‘கள்ளக்கடல்’ என்று கடலோர மக்கள் அழைக்கின்றனர். 2024 மே மாதத்தில், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஐவர் இத்தகைய அலையில் சிக்கி உயிர் துறந்தனர். அந்நாள்களில் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது என்பதே நெஞ்சை வருத்தும் செய்தி. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இவ்வெச்சரிக்கைகளை வெளியிடுகிறது. செய்தித்தாளும் வானொலியும் அவற்றைச் சொல்கின்றன. புறப்படுமுன் ஐந்து நிமிடம் செலவிட்டால் அறிந்துகொள்ளலாம்.

அடுத்து, எந்தக் கடல் என்று கேட்போம். தமிழகக் கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டது; அது முழுவதும் ஒரே இயல்பினதன்று. பாக்கு நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது. இலங்கைத் தீவு ஒரு புறம் காப்பாக இருப்பதால் பேரலைகள் குறைவு. இராமேசுவரத்து அக்கினித் தீர்த்தத்தில் முதியோரும் அச்சமின்றி நீராடுவதற்குக் காரணம் இதுதான். அங்கிருந்து தனுஷ்கோடி செல்லும் மணல் திட்டில் நின்று பார்த்தால், ஒரு புறம் அடங்கிய நீரும் மறு புறம் சீறும் அலையும் காணலாம். வடபுறத்தைப் ‘பெண் கடல்’ என்றும், மன்னார் வளைகுடாவாகிய தென்புறத்தை ‘ஆண் கடல்’ என்றும் அங்குள்ளோர் அழைப்பர். வாடைக் காற்று வீசும் மாதங்களில் இந்த இயல்பு மாறிவிடுவதும் உண்டு. திட்டின் முனையாகிய அரிச்சல்முனையில் இரு நீரும் மோதுகின்றன. அது கண்டு மகிழ வேண்டிய இடமேயன்றி, இறங்கி விளையாடும் இடம் அன்று.

மூன்றாவதாக, எந்தக் கரை என்று ஆராய வேண்டும். காண்பதற்கு உரிய கரை வேறு. குளிப்பதற்கு உரிய கரை வேறு. சென்னை மெரினா உலகறிந்த கடற்கரை. 1870களில் தொடங்கிய துறைமுகப் பணியால், வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டு, துறைமுகத்தின் தெற்கே குவிந்து பரந்த மணல்வெளியாயிற்று. வடக்கே இராயபுரம் பக்கத்தில் கடல் கரையை அரித்தது. உலாவுவதற்கு அதனினும் சிறந்த இடம் அரிது. நீராடுவதற்கோ அது ஏற்றதன்று. வரலாறு காண விரும்புவோர் மாமல்லபுரத்திற்குச் செல்லலாம். தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் கட்டிய கோட்டையையும், கடல் அரித்துத் தின்ற மாசிலாமணி நாதர் கோயிலையும் காணலாம். கன்னியாகுமரியில் பாறைகள் மிகுதி. கதிரவன் எழுவதையும் மறைவதையும் கண்டு வருவதற்கே அங்குச் செல்ல வேண்டும்.

குழந்தைகளுடன் நீராடச் செல்வோர், தூய்மையும் காவலும் உள்ள கரையை நாட வேண்டும். ‘நீலக் கொடி’ என்றொரு பன்னாட்டுச் சான்று உண்டு. நீரின் தூய்மை, உயிர்காப்பாளர், கழிவகற்றும் ஏற்பாடு முதலியவற்றைச் சோதித்து, டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அறக்கட்டளை ஒன்று அதனை வழங்குகிறது. 2020இல் கோழிக்கோட்டை அடுத்த காப்பாடும், 2021இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோவளமும், புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் அச்சான்றைப் பெற்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே செல்லும் எங்களுக்குக் காப்பாடு எட்டாத இடமன்று. ஆயினும், கொடி பெற்ற கரையிலும் பருவமறிந்து இறங்க வேண்டும். உயிர்காப்பாளர் செங்கொடி ஏற்றியிருந்தால் கால் நனைத்தலும் வேண்டா.

மாணவ நண்பர்களே, இன்னும் ஒன்று கூறி முடிக்கிறேன். கடற்கரை நமக்கு விடுமுறைக் களம். அங்கு வாழும் மீனவர்க்கு அதுவே வயலும் களத்துமேடும். நம் கடலைக் காட்டில் பிறர் வந்து மிதித்தால் நாம் பொறுப்போமா? அவர்கள் வலை காயும் இடத்தில் நடப்பதும், மணலில் பிளாசுடிக்குப் பைகளை விட்டுவருவதும் அதனைப் போன்றவையே. சனவரி முதல் சில மாதங்கள் சோழமண்டலக் கரையில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. சென்னையில் 1988 முதல் மாணவரே ஓர் அமைப்பாகக் கூடி, இரவெல்லாம் நடந்து அம்முட்டைகளைக் காத்துவருகின்றனர். கடலுக்குச் சென்று எதையேனும் கொடுத்துவிட்டும் வரலாம் என்பதற்கு அவர்களே சான்று.

இப்போதும் நான் ஆண்டுதோறும் கடலுக்குச் செல்கிறேன். இறங்கியதும் முதலில் தேடுவது நீரை அன்று. கரையில் அமர்ந்திருக்கும் ஒரு மீனவரை. “ஐயா, இன்று கடல் எப்படி இருக்கிறது?” என்று கேட்பேன். அவர் காற்றையும் நீவாட்டையும் பார்த்து, “இங்கே வேண்டாம், அதோ அங்கே இறங்குங்கள்” என்று கைகாட்டுவார். சில நாள்களில் தலையை மட்டும் அசைப்பார். அன்று நான் மணலில் அமர்ந்து, கொண்டுசென்ற சேவூர்க் கடலையை அவரோடு பகிர்ந்து தின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். அதுவும் நல்ல விடுமுறைதான்.